நெருப்பும் பேரேடும்

ஒரு வீடு எரிந்து சாம்பலாவதற்கு ஒரு நாழிகை போதும். அவ்வீட்டில் இன்னின்ன பொருள் இருந்தன, அவை இன்னாருக்குச் சொந்தம், அவற்றின் மதிப்பு இவ்வளவு என்று நிலைநாட்டுவதற்கோ சில வேளைகளில் ஓராண்டும் போதாது. தீ எங்கே தொடங்கிற்று, தகவல் எப்பொழுது போயிற்று, தண்ணீர் எப்பொழுது வந்தது, எரிந்தது யாது, அது யாருடையது என்னும் ஐந்து வினாக்களுக்கும் எழுத்தில் விடை வைத்திருப்பவன் மீண்டும் கூரை வேய்ந்து கொள்கிறான். எழுத்தில்லாதவன் தலைவிதியென்று சொல்லிச் சாம்பலைக் கூட்டுகிறான்.

தீயணைக்கும் படையின் கணக்குப் புத்தகத்தைப் பற்றியும், அதைக் கொண்டு இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கட்டணம் விதிக்கும் முறையைப் பற்றியும் ஒரு சரித்திரக் கட்டுரை எதற்கு என்று வாசகர்களிற் சிலர் கேட்கக்கூடும். மலாக்கா மாநிலத்துத் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் வாழும் நம்மவர்க்கு இது புறத்தே நிற்கும் விஷயமன்று. நெருப்புக்கு அஞ்சிச் சரக்கைக் காத்த முயற்சி இவ்வூரில் நம் முன்னோர் காலத்திலேயே இருந்தது. அதன் அடையாளம் நம் வாயில் வழங்கும் ஒரு சொல்லில் இன்றும் இருக்கிறது. அங்கிருந்தே தொடங்குவோம்.

கிட்டங்கி என்னும் சொல்

1511-ஆம் ஆண்டில் அல்புகெர்க்கின் போர்ச்சுகீசியப் படை மலாக்காவைக் கைப்பற்றிய பொழுது, அந்நகரத்தில் பெரும்பாலான வீடுகள் மரத்தாலும் ஓலையாலும் ஆனவை. அப்படையெடுப்பிலேயே நகரத்தின் ஒரு பகுதி கொளுத்தப்பட்டது. ஆனால் வணிகர்களின் சரக்குகள் அனைத்தும் ஓலை வீடுகளில் இருக்கவில்லை. 1563-இல் மலாக்காவிலேயே பிறந்த மானுவேல் கொதின்யோ த எரேதியா என்பவர் 1613-இல் எழுதிய நூலில், வணிகர்கள் தரைக்கடியிலே கட்டிய கட்டடங்களில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த துணிகளை வைத்திருந்தனர் என்றும், நெருப்பின் அபாயத்தை முன்னிட்டே அவ்வாறு செய்தனர் என்றும் குறித்திருக்கிறார். அக்கட்டடங்களுக்கு அவர் வழங்கும் பெயர் ஆங்கிலத்தில் ‘கோடவுன்’ என்றும் மலாயில் ‘கூடாங்’ என்றும் நாம் கேட்கும் அதே சொல்லாகும். தமிழ்க் ‘கிடங்கு’ அல்லது தெலுங்குக் ‘கிட்டங்கி’ என்பதிலிருந்தே அச்சொல் பிறந்திருக்க வேண்டுமென்பது சொல்லாராய்ச்சி செய்வோரிற் பலர் கருத்து. நகரத்தார் தம் கடைவீட்டைக் கிட்டங்கி என்று அழைத்ததை மலாயாத் தமிழர் நன்கறிவர்.

ஆகவே, சோழமண்டலத் துணி வணிகம் நடந்த காலத்திலே நெருப்புக்கு எதிரான காப்பு மண்ணேயாகும். சரக்கைப் புதைத்து வைத்தவன் பிழைத்தான். காப்பு முறையாக அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அது ஒவ்வொருவனும் தனக்குத் தானே செய்துகொண்ட காப்பு. ஒருவன் நஷ்டத்தைப் பலர் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அங்கே இல்லை.

1641-இல் டச்சுக்காரர் மலாக்காவைப் பிடித்தனர். அவர்கள் காலத்திலும் பின்னரும் ஆற்றின் மறுகரையில் செங்கற் சுவரும் ஓட்டுக் கூரையுமாக நெருக்கமான வீட்டு வரிசைகள் எழுந்தன. 1748-ஐச் சேர்ந்த கம்போங் கிளிங் பள்ளிவாசலும் 1781-ஐச் சேர்ந்த பொய்யாத விநாயகர் கோயிலும் அப்பகுதியில் தான் இருக்கின்றன. 2008-இல் உலக மரபுச் செல்வமாக அறிவிக்கப்பட்டதும் இப்பட்டணமே. இவ்வீடுகளை உற்றுப் பார்ப்போர் ஒன்றைக் கவனிக்கலாம்: இரண்டு வீடுகளுக்கிடையே செங்கற் சுவர், ஆனால் உள்ளே மாடித் தளமும் படிக்கட்டும் உத்திரமும் மரம். நெருப்பு பக்கத்து வீட்டுக்குப் போவதைச் சுவர் தாமதப்படுத்தும். தன் வீட்டுக்குள் அதைத் தடுக்க ஒன்றுமில்லை. இந்த வேற்றுமையை முதன்முதலிற் பணக் கணக்காக மாற்றியவர்கள் லண்டன்காரர்கள்.

செங்கல்லுக்கு ஒரு விலை, மரத்துக்கு இரு விலை

1666-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் லண்டன் மாநகரம் நான்கு நாள் எரிந்தது. 13,200 வீடுகளும் 87 கோயில்களும் அழிந்தன. நெருப்பணைந்தபின் வீடு கட்டுவதில் பெரும் பணம் ஈட்டிய நிக்கோலாஸ் பார்பன் என்பவர், 1680-ஐ ஒட்டித் தீ இன்ஷூரன்ஸுக்கென்றே ஒரு காரியாலயம் திறந்தார். அவர் கட்டணம் விதித்த முறை எளியது. செங்கல் வீட்டுக்கு ஆண்டு வாடகையில் நூற்றுக்கு இரண்டரை; மரவீட்டுக்கு நூற்றுக்கு ஐந்து. மரவீடு இருமடங்கு எரியும் என்று அவர் கணித்தார். இன்றுள்ள கட்டண விகிதங்கள் அனைத்துக்கும் மூல வித்து இதுவே: எரியக்கூடிய தன்மையை அளந்து, அளவுக்கேற்ற விலை வைப்பது.

விலை வைக்க வேண்டுமானால் பதிவு வேண்டும். எந்தத் தெருவில் எத்தனை மரவீடு, எவன் வீட்டில் ரொட்டி அடுப்பு, எவன் வீட்டில் தச்சுப் பட்டறை என்பது தெரியாமற் கட்டணம் கட்டினால் கம்பெனி முழுகிப்போகும். 1710-இல் தொடங்கிய ‘சன்’ தீக் காரியாலயத்தின் பாலிசிப் பேரேடுகள் இன்றளவும் லண்டனில் பாதுகாக்கப்பட்டுள்ளன. யார் எந்த வீட்டில் வசித்தார், என்ன தொழில் செய்தார், அவர் பாத்திரமும் துணியும் என்ன பெறும் என்பதை அறிய இன்றைய சரித்திரக்காரர் அப்பேரேடுகளையே புரட்டுகின்றனர். வாசகர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். கட்டணத்துக்காக எழுதப்பட்ட கணக்கு, எழுதினவர் நினையாத வகையில், சாதாரண மக்களின் வாழ்க்கைச் சான்றாகிவிட்டது. பேரேட்டில் ஏறியவன் சரித்திரத்திலும் ஏறினான்.

படையும் புத்தகமும்

அக்காலத்து லண்டனில் தீயணைத்தவர்கள் அரசாங்கத்தார் அல்லர். இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் ஆட்கள். கம்பெனிக்கொரு சிறு படை. தான் காப்பளித்த வீட்டுச் சுவரில் ஈயத் தகட்டில் தன் முத்திரையைக் கம்பெனி பதித்து வைக்கும். 1833-இல் பெரிய கம்பெனிகள் ஒன்றுகூடித் தம் படைகளை ஒன்றாக்கின. அதன் தலைவராக அழைக்கப்பட்டவர், 1824 முதல் எடின்பரோ நகரப் படையை நடத்தி வந்த ஜேம்ஸ் பிரெய்ட்வுட். நெருப்பணைப்பதைக் கூச்சலும் குழப்பமுமாக இருந்த நிலையினின்றும் பயிற்சியுள்ள தொழிலாக மாற்றிய பெருமை அவருக்குரியது. எடின்பரோவிலேயே தம் அனுபவத்தை 1830-இல் ஒரு நூலாக எழுதினார்.

1861 ஜூன் 22-ஆம் தேதி தேம்ஸ் நதிக்கரையில் டூலி வீதிப் பண்டகசாலைகள் எரிந்தபோது, இடிந்து விழுந்த சுவரின்கீழ் பிரெய்ட்வுட் உயிர் நீத்தார். அத்தீயில் கம்பெனிகள் அடைந்த நஷ்டம் மிகப் பெரிது. கட்டணம் உயர்ந்தது, தாங்கள் மட்டும் இனி ஒரு மாநகரைக் காக்க முடியாது என்று கம்பெனிகள் அரசாங்கத்துக்கு அறிவித்தன. அதன் விளைவே 1865-ஆம் ஆண்டுச் சட்டமும், 1866 ஜனவரி முதல் நாள் எழுந்த லண்டன் மாநகரத் தீயணைப்புப் படையும். அச்சட்டத்தின்படி கம்பெனிகள் லண்டனில் தாங்கள் காப்பளித்த ஒவ்வொரு பத்து லட்சம் பவுனுக்கும் 35 பவுன் படைச் செலவுக்குக் கொடுக்க வேண்டும். கம்பெனியின் கணக்கும் படையின் கணக்கும் இவ்வாறு சட்டத்தாற் பிணைக்கப்பட்டன.

நிற்க. ஒரு நகரத்தின் படையையே எடைபோட்டு மதிப்பெண் தரும் முறை அமெரிக்காவிற் பிறந்தது. அங்கே தீக் கம்பெனிகளின் தேசியச் சங்கம் 1866-இலேயே அமைந்திருந்தது. 1904 பிப்ரவரியில் பால்டிமோர் நகரம் இரண்டு நாள் எரிந்து 1,500-க்கு மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. அண்டை நகரங்களிலிருந்து ரயிலேறி உதவிப் படைகள் வந்தன. வந்தும் என்ன பயன்? அவர்கள் கொண்டுவந்த குழாய்களின் பூட்டுவாய் பால்டிமோர்த் தெருக்குழாய்களிற் பொருந்தவில்லை. எந்த நகரத்துக் குழாய் எந்த அளவு என்று முன்கூட்டிப் பதிந்து ஒப்பிட்டிருந்தால் ஒரு நாளிலே தெரிந்திருக்கும் குறை அது.

இதன்பின் சங்கத்தின் எஞ்சினியர்கள் நகரம் நகரமாகச் சென்று தண்ணீர், படை, தந்தி அறிவிப்பு, கட்டடம் ஆகியவற்றைப் பரிசோதித்து அறிக்கை எழுதினர். 1905-இல் சான்பிரான்சிஸ்கோ நகரைப் பற்றி அவர்கள் எழுதிய அறிக்கை, அந்நகரம் இன்னும் எரியாமலிருப்பதே வழக்கத்துக்கு மாறானது என்றும், படையின் விழிப்பே அதைக் காத்து நிற்கிறது என்றும் கூறியது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் பூகம்பத்தைத் தொடர்ந்து எழுந்த தீயில் நகரத்தின் பெரும்பகுதி எரிந்தது. பூகம்பத்தால் தண்ணீர்க் குழாய்கள் உடைந்திருந்தன. அறிக்கை இருந்தது, ஆனால் அதைப் படித்துச் செய்ய வேண்டியதைச் செய்யக் காலமில்லை, அல்லது மனமில்லை.

1916-இல் அச்சங்கம் மதிப்பெண் அட்டவணை ஒன்றை வெளியிட்டு நகரங்களைப் பத்து வகுப்பாகப் பிரித்தது. 1971 முதல் வேறொரு நிறுவனம் அவ்வேலையை நடத்துகிறது. இன்று அதன் அடிப்படை நூறு மதிப்பெண்: படைக்கு 50, தண்ணீருக்கு 40, அவசர அழைப்பை ஏற்று அனுப்பும் ஏற்பாட்டுக்கு 10. தீத்தடுப்புப் பிரசாரம், பரிசோதனை முதலியவற்றுக்கு மேலும் ஐந்தரை மதிப்பெண் வரை கிடைக்கும். முதல் வகுப்பு தலைசிறந்தது. பத்தாம் வகுப்பு காப்பில்லாததற்குச் சமம். நிலையத்திலிருந்து சாலைவழி ஐந்து மைலுக்கு மேற்பட்ட வீடு பொதுவாகப் பத்தாம் வகுப்பிலே தள்ளப்படும்.

பரிசோதகர் வந்தால் முதலிற் கேட்பது வண்டியை அன்று, புத்தகத்தைத்தான். பம்பு சென்ற ஆண்டில் எந்நாள் சோதிக்கப்பட்டது? நீளக்குழாய்கள் எத்தனை அழுத்தம் தாங்கின? தெருக்குழாய் ஒவ்வொன்றும் எங்குள்ளது, நிமிஷத்துக்கு எவ்வளவு நீர் தரும், எப்போது திறந்து பார்க்கப்பட்டது? ஒவ்வொரு வீரனும் எத்தனை மணி பயின்றான், அதற்கு அவன் கையொப்பம் எங்கே? செய்தும் எழுதாத பயிற்சிக்கு மதிப்பெண் இல்லை. இது கொடுமையென்று தோன்றலாம். ஆனால் எழுதாத பயிற்சியைச் செய்ததாகச் சொல்வதும் செய்யாத பயிற்சியைச் செய்ததாகச் சொல்வதும் வெளியார் காதில் ஒன்றுபோலவே ஒலிக்கும் அல்லவா?

மலாயாவிற் பொம்பா வந்த கதை

நம் நாட்டில் தீயணைப்புப் படைக்குப் ‘பொம்பா’ என்று பெயர். பம்பு என்னும் பொருளுடைய போர்ச்சுகீசியச் சொல் அது. கிட்டங்கியை நம் கரை தந்தது. பொம்பாவை நம் ஊரைப் பிடித்தவர்கள் மொழி தந்தது.

1881-இல் கோலாலம்பூர், ஓலைக் கூரைகளின் நெருக்கத்தால், பெருந்தீயில் அழிந்தது. 1883-இல் பெல்லமி என்பவர் தலைமையில் சிலாங்கூர்த் தொண்டர் தீயணைப்புப் படை அமைந்தது. பிராங்க் சுவெட்டன்காம் ரெசிடெண்டாயிருந்த காலத்தில் செங்கல்லும் ஓடும் கொண்டே கடைவீடுகள் கட்ட வேண்டுமென்று விதிக்கப்பட்டது. லண்டனில் 1666-க்குப் பின் நடந்ததே இங்கும் நடந்தது: முதலில் எரிந்தது, பிறகு விதி பிறந்தது.

சுதந்திரத்துக்குப் பின்னும் படைகள் நெடுங்காலம் உள்ளூர் ஆட்சிகளின் கையிலிருந்தன. 1976 ஜனவரி முதல் நாளில் மத்திய அரசாங்கம் அவற்றை ஏற்றது. அதே ஆண்டு ஏப்ரலில் கோலாலம்பூரில் கேம்ப்பெல் கடைத்தொகுதி எரிந்து, உயர்ந்த கட்டடங்களின் ஆபத்தை நாடறியச் செய்தது. 1988-ஆம் ஆண்டுத் தீயணைப்புச் சேவைச் சட்டம், குறிப்பிட்ட வகைக் கட்டடங்களுக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய தீச்சான்றிதழை ஏற்படுத்தியது. மருத்துவமனை, ஓட்டல், தொழிற்சாலை முதலியன அவ்வகையிற் சேரும். 1997 முதல் அப்படை தீயணைப்பு மீட்புத் துறை எனப்படுகிறது.

இன்ஷூரன்ஸ் கட்டணத்தைப் பொறுத்தவரை, அமெரிக்காவைப்போல் ஊருக்கு வகுப்பெண் இடும் முறையை இந்நாடு பின்பற்றவில்லை. இங்கே நெடுங்காலம் கம்பெனிகள் அனைத்துக்கும் பொதுவான ஒரு கட்டண அட்டவணை இருந்தது. கட்டடம் செங்கல்லா, பாதி மரமா, முழு மரமா. அதில் நடக்கும் தொழில் யாது. தீயணைக்கும் கருவிகள் உண்டா என்பவற்றைக் கொண்டு விகிதம் விதித்தனர். 2016 ஜூலை முதல் அவ்வட்டவணையின் கட்டு படிப்படியாகத் தளர்த்தப்பட்டு வந்திருக்கிறது. கட்டு தளரத் தளரப் பதிவின் மதிப்பு ஏறும். எல்லோருக்கும் ஒரே விலையென்றால் ஒழுங்காய்ப் பதிந்தவனுக்கும் பதியாதவனுக்கும் வேற்றுமை குறைவு. அவரவர் ஆபத்துக்கு அவரவர் விலையென்றாலோ, கருவி பரிசோதித்த தேதியைக் காட்ட வல்லவனே பேரம் பேச வல்லவன். பட்டணத்தில் மளிகைக் கடையும் அச்சுக்கூடமும் தையற்கடையும் நடத்தும் நம்மவர் இதைக் கருத வேண்டும்.

புகைக்கூடமும் லயமும்

இனித் தோட்டத்துக்குப் போவோம். மலாயாவில் வியாபாரத்துக்கென ரப்பர் நட்ட முதல் தோட்டம் மலாக்காவிலே தான் எழுந்தது. 1896-இல் தான் சாய் யான் என்னும் சீனப் பெரியார் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் நட்டார். பின்னர்ப் புக்கிட் ஆசகானில் பெருந்தோட்டம் கண்டார். அதன்பின் ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ், தெபோங் என்று எங்கும் ரப்பர் பரவியது. ரப்பரோடு நம் மக்களும் பரவினர்.

ரப்பர்த் தோட்டத்தில் நெருப்பு விபத்தாக மட்டும் வருவதன்று, அது வேலையாள். உறைந்த பாலை உருளையில் நசுக்கி ஷீட்டாக்கி, கழிகளில் தொங்கவிட்டு, விறகுப் புகையில் நான்கைந்து நாள் உலர்த்துவார்கள். கூடத்தின் சூடு 50 முதல் 60 டிகிரி செண்டிகிரேடுக்குள் நிற்க வேண்டும். குறைந்தால் ஷீட்டில் பூஞ்சணம்; மிகுந்தால் ஷீட்டு இளகி நீண்டு அறுந்து கீழே அடுப்பு வழியில் விழும். விழுந்தால் தீ. ஆகவே, இரவெல்லாம் ஓர் ஆள் விறகைக் கூட்டியும் குறைத்தும் சூட்டுமானியைப் பார்த்துக் கொண்டிருக்க வேண்டும். அவன் கண்ணயர்ந்தால் ஒரு மாத உழைப்பு கரியாகும். ஓலையும் மரமும் ரப்பரும் விறகும் ஒரே கூரையின் கீழ் கூடிய இவ்விடத்தை எந்தக் கம்பெனியும் அஞ்சியே பார்க்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

பொம்பா நிலையமோ பட்டணத்தில். தோட்டமோ மண்சாலையில் பல மைல் தள்ளி. அமெரிக்க அட்டவணையில் ஐந்து மைலுக்கு அப்பாற்பட்ட வீட்டுக்கு உரிய அதே நிலை நம் லயங்களுக்கும் இருந்தது. நிலையத்துக்குச் செய்தி போய் வண்டி புறப்பட்டு வருவதற்குள், பலகைச் சுவரும் ஒரே கூரையுமாக நீண்ட ஒரு லயம் முனைக்கு முனை எரிந்து முடியும். தோட்டத்தைக் காக்க வேண்டியவர்கள் தோட்டத்தில் இருப்பவர்களே.

போரும் கலகமும் இதனோடு சேர்ந்தன. 1941-42-இல் ஜப்பானியர் முன்னேறி வந்தபோது, எதிரி கையிற் சிக்காமலிருக்க ரப்பர் இருப்புகள் கொளுத்தப்பட்டன. 1948 ஜூனில் அவசரகாலம் தொடங்கியபின் தோட்டத்துப் புகைக்கூடங்களும் லாரிகளும் தீக்கிரையாயின. சாதாரணத் தீப் பாலிசிகள் போரையும் ஆயுதக் கலகத்தையும் விலக்கியே எழுதப்படுவன. ஆகவே, தீ எதனால் உண்டாயிற்று என்னும் ஒரு வரி, நஷ்டஈடு உண்டா இல்லையா என்பதையே தீர்மானிக்கும். கணக்குப் புத்தகத்தின் ஒரு வரிக்கு இவ்வளவு பலம் உண்டு.

விடுபட்ட பத்தி

இப்பொழுது நம் கட்டுரையின் மையத்துக்கு வருகிறோம். ஒரு லயம் எரிந்ததென்று வைத்துக்கொள்வோம். கட்டடம் தோட்டக் கம்பெனியுடையது. பாலிசி இருந்தால் கம்பெனி பெயரில் இருக்கும். எரிந்தால் தனக்கு நஷ்டமென்று காட்ட வல்லவனே ஒரு பொருளை இன்ஷூர் செய்யலாம் என்பது இத்தொழிலின் முதல் விதி. கம்பெனிக்குக் கட்டடத்தில் நஷ்டம். அதற்கு ஈடு கிடைக்கும். தொழிலாளி வீட்டுத் தகரப்பெட்டி கம்பெனியின் சொத்தன்று. அது கம்பெனியின் பாலிசியில் இல்லை. நஷ்டம் என்னும் பத்தியில் கூரைத் தகடும் பலகையும் ஏறும், பெட்டி ஏறாது.

அப்பெட்டியில் என்ன இருந்தது? இரண்டு சேலை, ஒரு தாலிச்சரடு, சேமலாபநிதிக் காகிதம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், அடையாளக் கார்டு, பள்ளிக்கூடச் சான்று. பொருளின் விலையைக் கூட்டினால் சிறிய தொகை. காகிதத்தின் விலையோ சொல்ல முடியாதது. 1957-க்குப் பின் குடியுரிமைக்கு இந்நாட்டுப் பிறப்பைக் காட்ட வேண்டியிருந்தது. 1969-இல், குடிமக்களல்லாத தொழிலாளர் வேலை அனுமதி பெற வேண்டுமென்ற சட்டம் நடைமுறைக்கு வந்த பொழுது, தலைமுறையாக இங்கு உழைத்தும் காகிதமில்லாமையால் வேலையிழந்து கப்பலேறியவர் பலர். எத்தனை காகிதம் நெருப்பில் போயிற்று, எத்தனை கரையானில் போயிற்று, எத்தனை எழுதப்படவேயில்லை என்பதை யார் கணக்கிட்டார்? லண்டன் பேரேட்டில் ரொட்டிக்காரன் பெயர் மூன்று நூற்றாண்டாக நிற்கிறது. நம் மரவெட்டுக்காரி பெயர் எந்தத் தீக்கணக்கில் நிற்கிறது?

தோட்டத்துச் செக்ரோலும் தமிழ்ப் பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் புத்தகமும் கோயில் திருவிழா வரிப் புத்தகமும் அத்தகையவர்க்குத் துணை நிற்கக்கூடிய ஏடுகள். ஆனால் அவையும் மரக் காரியாலயத்தில் மர அலமாரியில் இருந்தவை தாம். 1950-களிலிருந்து தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பின்னர் எண்ணெய்ப்பனைக்கு மாறின. பட்டண விரிவுக்கும் விற்கப்பட்டன. கைமாறும்போது ரப்பர் ஷீட்டை எண்ணி ஒப்படைத்தார்கள். ஏட்டை எண்ணி ஒப்படைத்தது அரிது.

குற்றம் ஒரு பக்கத்தது மட்டுமன்று. துரைமாரும் கம்பெனிகளும் தம் பொருளை எழுதிக்கொண்டனர். நம் பொருளை எழுத நாம் முன்வரவில்லை. தாது வருஷத்துப் பஞ்சக் கதையை மனப்பாடமாகச் சொல்லும் நம் வீடுகளில், சென்ற ஆண்டு வாங்கிய தையல் இயந்திரத்தின் ரசீது கிடைப்பதில்லை. வந்தது விதி, போனது விதி என்னும் பேச்சு துக்கத்தை ஆற்றலாம். கூரையை வேய்ந்து தராது.

செய்யத்தக்கவை

காலம் மாறிவிட்டது. தொழிலாளர் குடியிருப்புக்கு 1990-ஆம் ஆண்டுச் சட்டம் குறைந்தபட்ச வசதிகளை விதித்திருக்கிறது. தோட்டத்தை விட்டுத் தாமான் வீடுகளிலும் அடுக்குவீடுகளிலும் குடியேறிய நம்மவர் பெருந்தொகையினர். தங்கள் வீட்டுக்குத் தாங்களே உடையவர்கள். ஆனால் பழக்கம் வீட்டோடு மாறுவதில்லை. அதனால் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறோம்.

முதலாவது, பாலிசி எதைக் காக்கிறது என்று அறிய வேண்டும். வங்கிக் கடனுக்காக எடுத்த தீப் பாலிசி பெரும்பாலும் கட்டடத்துக்கே உரியது. உள்ளிருக்கும் சாமானுக்கு வேறு பாலிசி வேண்டும். வாடகைக்கிருப்பவர் தம் சாமானைத் தாமே காக்க வேண்டும்.

இரண்டாவது, மதிப்பைக் குறைத்து எழுதலாகாது. 100,000 ரிங்கிட் பெறும் வீட்டை, பிரீமியம் மிச்சமென்று எண்ணி 60,000-க்கு எழுதியவர், 20,000 ரிங்கிட் பகுதி எரிந்தால் 20,000 கிடைக்குமென்று நம்புகிறார். சராசரி விதி உள்ள பாலிசியில் நூற்றுக்கு அறுபது என்ற கணக்கில் 12,000 தான் கிடைக்கும். மிச்சம் பிடித்தது சில வெள்ளி, இழந்தது 8,000.

மூன்றாவது, தீ நேர்ந்தால் 999-க்குச் சொன்ன நேரத்தை எழுதி வைக்க வேண்டும். பின்னர்ப் பொம்பா நிலையத்தில் தீச்சம்பவ அறிக்கையைக் கேட்டுப் பெற வேண்டும். கேட்டவர்க்கே அது பயன்படும். அதில் தம் பெயரும் தம் பொருளும் சரியாக ஏறியுள்ளனவா என்று படித்துப் பார்க்க வேண்டும். படிக்கத் தெரியாதார் தெரிந்தாரைக் கொண்டு படிக்க வேண்டும்.

நான்காவது, கோயில், பள்ளி, சங்கம், வாலிபர் மன்றம் ஆகிய நம் பொது நிலையங்கள் ஒவ்வொன்றும் ஒரு தீப்புத்தகம் வைக்க வேண்டும். தீயணைப்பான் உருளை எத்தனை, எப்போது நிரப்பியது, மின்கம்பி எப்போது சோதித்தது, அருகிலுள்ள தெருக்குழாய் எங்கே, கதவுகளின் சாவி யாரிடம், ஆண்டில் எந்நாள் பயிற்சி நடந்தது, யார் யார் வந்தனர் என்பன அதில் இருக்கட்டும். 2004 ஜூலை 16-இல் கும்பகோணத்துப் பள்ளிக்கூடத்தில் ஓலைக் கூரையிற் பற்றிய தீயில் 94 குழந்தைகள் மாண்டதை மறந்தவர் நம்மில் இல்லை. அதற்குப்பின் அங்கே விதிகள் வந்தன. விதி முந்தியும் குழந்தை பிந்தியும் இருந்திருக்க வேண்டும்.

ஐந்தாவது, தூரத்துக் குடியிருப்புகளில் தொண்டர் தீயணைப்புக் குழு அமைக்க முயல வேண்டும். இந்நாட்டில் தொண்டர் படைகளைப் பொம்பா துறை ஆதரித்துப் பயிற்றுகிறது. கூடிய இளைஞர் செய்த பயிற்சியை ஒரு நோட்டில் எழுதிக் கையொப்பமிடுவதற்குப் பணம் வேண்டுவதில்லை.

ஆறாவது, பொய்க்கணக்கு எழுதலாகாது. நடவாத பயிற்சிக்குக் கையொப்பமிட்ட புத்தகம், புத்தகமே இல்லாமையைவிடக் கேடானது. இல்லாத புத்தகம் எச்சரிக்கையாவது தரும். பொய்ப் புத்தகம் தூங்க வைக்கும்.

நானூறு ஐந்நூறு ஆண்டுகளுக்குமுன் மலாக்கா வணிகர் துணிமூட்டையை மண்ணுக்கடியிற் பாதுகாத்தனர். நெருப்பு என்பது வருமென்று அறிந்து, வருமுன் செய்த செயல் அது. இன்று நாம் காக்க வேண்டிய மூட்டை காகிதம். பிறப்புப் பத்திரத்தின் பிரதி ஒன்று உறவினர் வீட்டிலும், சாமான் பட்டியல் ஒன்று வேறோரிடத்திலும் இருப்பதே நம் காலத்துக் கிட்டங்கி. அதைக் கட்டச் செங்கல் வேண்டா. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையும், எழுதத் தெரிந்த பிள்ளை ஒன்றும் போதும். அந்த ஞாயிறு இந்த ஞாயிறாக இருக்கட்டும்.